எம்பி3-யா மட்டும் ஏத்தி வெக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்தறத பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடைசில "எம்பி3-யா சேவ் பண்ணிக்கோங்க, இடம் மிச்சமாகும்"னு ஒரு வரி போட்டிருந்தீங்க, அதப் படிச்சதும் எனக்கு எழுதாம இருக்க முடியல. நானும் அதத்தான் செஞ்சேன், எங்கப்பா குரல் அதுல கெட்டுப்போச்சு.

அவர் பேசினது ஒரே ஒரு கேசட்டு. பிட்ரேட் 64 கேபிபிஎஸ், அதாவது செகண்டுக்கு 64 கிலோபிட் மட்டும் எழுதற கொறஞ்ச தரத்துல எம்பி3-யா ஏத்தினேன், அப்புறம் இரைச்சல எடுக்கறேன்னு எடிட் பண்ணி ஒரு சேவ், சவுண்ட கூட்டறேன்னு இன்னொரு சேவ், கடைசி ஃபைல மட்டும் வெச்சுக்கிட்டு மத்தத அழிச்சுட்டேன். காதுக்கு தெரியாதுன்னு தோணறத கழிச்சு விட்டுத்தான் எம்பி3 சைஸ குறைக்குது, எடிட் பண்ணி சேவ் பண்ற ஒவ்வொரு தடவையும் மறுபடி கழிக்கும். இப்ப அப்பா "சரிம்மா"ன்னு சொல்ற எடத்துல அந்த "ச" தண்ணிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி கேக்குது. திரும்ப ஏத்தலாம்னு கேசட்ட எடுத்தா டேப்பு பூரா பூஞ்சை. எம்பி3-ய, எதையும் கழிக்காம வெக்கற வேவ் (WAV) ஃபைலா மாத்தியும் பாத்தேன், சைஸ்தான் பெருசாச்சு, போனது போனதுதான்.

வேவ் 1991-ல மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் சேர்ந்து கொண்டுவந்தது, ஆப்பிள்காரங்களோட ஏஐஎஃப்எஃப் அதுக்கும் முன்னாடி, 1988. பேருதான் வேற, ரெண்டும் செய்யறது ஒரே வேல, சத்தத்தோட அலைய செகண்டுக்கு 44,100 தடவ அளந்து (இது சிடி கணக்கு) அந்த நம்பர அப்படியே வரிசையா எழுதி வெக்கும், எதையும் கழிக்காது. அதனாலதான் சிடி தரத்துல ஸ்டீரியோ ஒரு நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி ஆகுது, 128 கேபிபிஎஸ் எம்பி3-க்கு 1 எம்பி போதும்.

எல்லாத்துக்கும் வேவ்னு நான் சொல்ல வரல. பாட்டு கேக்க, யாருக்காவது அனுப்ப, நல்ல பிட்ரேட்ல எம்பி3 தாராளமா போதும். ஆனா ரெக்கார்டிங், எடிட்டிங் ரெண்டும் வேவ்லதான் நடக்கணும், முடிஞ்சா 24 பிட், செகண்டுக்கு 48,000 தடவைன்னு வைங்க, ஏன்னா 24 பிட்ல ஒவ்வொரு அளவையும் இன்னும் நுணுக்கமா எழுதறதால, மெதுவா பேசினத பின்னாடி சவுண்ட் கூட்டும்போது அந்த அளவெடுக்கறதுல வர்ற இரைச்சல் பெருசா கேக்காது (கேசட்டோட சொந்த இரைச்சல் இருக்கத்தான் செய்யும்). கேசட்ட ஏத்தினதும் முதல் வேவ் ஃபைல தொடாம ரெண்டு எடத்துல காப்பி போட்டுட்டு, எடிட்டெல்லாம் வேற காப்பில பண்ணுங்க. ரொம்ப நீளமா ரெக்கார்ட் பண்றவங்க பகுதி பகுதியா நிறுத்தி எடுங்க, சாதாரண வேவ் ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது. இடந்தான் பிரச்சனைன்னா ஃப்ளாக்னு (FLAC) ஒரு ஃபைல் வகை இருக்கு, ஜிப் பண்ற மாதிரி சுருக்கும், பெரும்பாலும் பாதி சைஸுக்கு பக்கத்துல வந்துடும், திரும்ப விரிச்சா ஒரு பிட் கூட மாறாது.

அந்தக் கட்டுரைய படிச்சுட்டு யாராவது இந்நேரம் வீட்ல கேசட்ட எடுத்து வெச்சு ஏத்திட்டிருப்பாங்க, அதனால இத கொஞ்சம் சீக்கிரமா போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி