ஆற்றுக்கு அந்தப் பக்கம்

அன்பு மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

ஆல்பனியிலிருந்து, நியூயார்க் மாநில அரசிடமிருந்துதான், உன் பெயருக்கு ஒரு கவர் வந்தது. உன் காலேஜ் ஃபீஸுக்குக் கொடுத்தார்களே, அந்த எக்செல்சியர் ஸ்காலர்ஷிப் விஷயம். பிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ இப்போது எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

2017 ஏப்ரலில் லகார்டியா காலேஜில் கவர்னர் கியூமோ அந்த ஸ்காலர்ஷிப் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் ஹிலாரி கிளின்டன். நம் 7ஆம் நம்பர் ரயில் போகிற வழிதானே அந்தக் காலேஜ் என்று டிவி முன்னால் நான் குதித்தது உனக்கு நினைவிருக்கும். மறு வருஷம் நீ விண்ணப்பித்தபோது வருமான வரம்பு 1,10,000 டாலர். எங்கள் இரண்டு சம்பளமும் சேர்ந்து மயிரிழையில் உள்ளே வந்தது. வருஷத்துக்கு 30 கிரெடிட் முடித்தாக வேண்டும் என்று விதி. கெமிஸ்ட்ரியை நடுவில் விட்டுவிட்டு, கோடை முழுக்க இரண்டு வகுப்பு எடுத்து ஈடுகட்டினாயே, அதை ஊரில் அத்தையிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை வருஷம் பணம் வாங்கினோமோ, படிப்பு முடிந்த பிறகு அத்தனை வருஷம் நியூயார்க் மாநிலத்திலேயே குடியிருக்க வேண்டும். வெளியே போனால் கொடுத்த பணம் கடனாக மாறிவிடும். வட்டி கிடையாது என்றாலும் கடன் கடன்தான். உனக்கு வருஷத்துக்கு 5,500 டாலர். நாலு வருஷத்துக்கு 22,000. நீ முடித்தது 2022இல். அப்படியானால் 2026 வரை. வேலை மன்ஹாட்டனில்தானே என்பாய். அது போதாது அம்மாடி, இரவில் தலை சாய்க்கிற இடமும் இங்கே இருக்க வேண்டும். ஹட்சன் ஆற்றுக்கு அடியில் ரயிலில் சில நிமிஷம்தான், ஆனாலும் நீ போயிருக்கிற ஜெர்சி சிட்டி வேறு மாநிலம்.

இன்னும் பத்து மாதம் பொறுத்திருக்கக் கூடாதா? அதுவும் ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? வாடகை குறைவு என்றாய். கணக்குப் பார்த்தேன், அப்படியொன்றும் குறைவாகத் தெரியவில்லை. தனி ஆளாகக் கொடுத்தால்.

விதிகளை முழுக்கப் படித்தேன். மேற்படிப்பு என்றால் அவகாசம் கொடுக்கிறார்கள். ராணுவம் என்றால் கொடுக்கிறார்கள். சும்மா வீடு மாறிப் போனவர்களுக்கு அதில் கட்டம் எதுவும் இல்லை. காரணம் என்னவென்று நான் கேட்கவில்லை. முகவரியைப் பற்றித்தான் கேட்கிறேன். அந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டுவிடு. உண்மையையே எழுது. பதில் போடாமல் இருந்துவிடாதே.

தீபாவளிக்கு நீ வரவில்லை. அதிரசம் பிரிட்ஜில் நீல மூடி டப்பாவில் இருக்கிறது. அம்மா யாரையும் தொட விடுவதில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இரவு, சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "அப்பா, இங்கேயே இருக்கணும்னு ஏதோ போட்டிருக்கு, பாருங்க" என்றாய். "அதெல்லாம் சும்மா சம்பிரதாயம், டிக் பண்ணு" என்றேன். சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும். முந்தின நாளே இரண்டு முறை படித்திருந்தேன். உனக்குப் பதினெட்டு வயது, இருபத்தாறு வரை எங்கேயும் போக மாட்டாய் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பணம் வந்ததைவிட அதில்தான் எனக்குச் சந்தோஷம். நான் உன்னிடம் கேட்டிருந்தால் நீ இருந்திருப்பாயோ என்னவோ. கேட்கத் தைரியமில்லாமல் சட்டத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் அப்பா என்னை விமானம் ஏற்றிவிடும்போது ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அவருக்கு இருந்த மனசு எனக்கு இல்லை.

அதனால் 22,000 கட்டச் சொன்னால் பாதி என்னுடையது. வேண்டாம் என்று சொல்லாதே. ஆனால் பதில் மட்டும் போட்டுவிடு.

அவர்கள் அனுப்பிய படிவத்தில் முகவரியை நானே பென்சிலால் எழுதி வைக்கிறேன், நீ சரிபார்த்துக்கொள். வீட்டு எண் 3ஆ 8ஆ என்று மட்டும் சொல். போன ஞாயிற்றுக்கிழமை டப்பாவோடு வந்து, உங்கள் வாசலில் அழைப்பு மணிப் பலகையைப் பார்த்தேன். எண் பாதி அழிந்திருந்தது. இரண்டு பெயரும் தெளிவாகத் தெரிந்தன. மணியை அழுத்தவில்லை.

அம்மாவிடம் கோயிலுக்குப் போனதாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா