குரலைக் கைபேசியிடம் கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழா தொடங்கியதிலிருந்து, நாடக ஒத்திகையைக் கைபேசியில் படம்பிடித்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் பழக்கம் பரவியிருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பதிவை வைத்தே 'குரல் நன்றாகக் கேட்கிறது' என்று முடிவுகட்டுவது பிள்ளைகளை மேடையில் கைவிட்டுவிடுகிறது.

கைபேசி மைக் ஒலியைத் தானாகவே சமப்படுத்தும். முணுமுணுத்தால் தூக்கிவிடும், உரக்கப் பேசினால் அமுக்கிவிடும். அடிவயிற்றிலிருந்து எழும் குரலும் தொண்டையிலேயே நிற்கும் குரலும் பதிவில் ஏறக்குறைய ஒன்றுபோலக் கேட்கும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் இருக்கும் கைபேசிக்கும் 16 மீட்டரில் இருக்கும் கடைசி வரிசைக்கும் 18 டெசிபல் வித்தியாசம்!

குரலுக்குக் காதுதான் கருவி. ஒரு மாணவரைக் கடைசி வரிசையில், மேடைக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். பார்த்துக்கொண்டிருந்தால் உதட்டசைவை வைத்தே வசனத்தைப் பிடித்துவிடுவார். கையில் வசனத்தாள், பென்சில். கேட்காத சொல்லை அடிக்கோடிட வேண்டும். பெரும்பாலும் கோடு விழுவது சொல்லின் கடைசி எழுத்தில். 'வந்தான்' என்றார்களா, 'வந்தாள்' என்றார்களா என்று தெரியாமல் போனால் கதையே மாறிப்போகும்.

உடலசைவுக்குக் கைபேசி அருமையான கண்ணாடி. பின்பக்கக் கேமரா, படுக்கைவாட்டில், நெஞ்சுயரத்தில், முழு மேடையும் அடங்கும் தூரத்தில் அசையாமல் நிற்கட்டும். முக்காலி இல்லையென்றால் பெஞ்சின் மேல் ஸ்டூல் போதும். ஜூம் வேண்டாம், நடிகர் பின்னால் ஓடவும் வேண்டாம். செல்ஃபி கேமராவின் திரையில் இடம் வலம் மாறித் தெரிவதால் பிள்ளைகள் நகர்வைத் தப்பாகப் பழகுவார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

போட்டுக் காட்டும்போது முதல்முறை ஒலியை நிறுத்திவிடுங்கள். 2 நிமிடக் காட்சி போதும். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரே கை ஒரே மாதிரி எழுந்து விழுவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். தினமும் காட்டாதீர்கள், கேமராவுக்காக நடிக்கத் தொடங்கினால் நடிப்பு முகத்துக்குள் சுருங்கிப்போகும்.

பின்னணி ஒலிக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். கதவு தட்டும் ஓசை நடிகரின் கை இறங்கிய பிறகு வரும். சற்று நேரம் சும்மா இருந்த ஸ்பீக்கர் ஓசையின் தொடக்கத்தையே விழுங்கிவிடும். வயரில் இணைத்து, கைபேசியை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள்.

கலைத் திருவிழாப் போட்டிகளை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பறையில் பழகிய குரல் மண்டபத்தில் வேறாக ஒலிக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் அதே மேடையில், அதே மைக்கில் 3 நிமிடமாவது பேசிப் பார்க்க முன்கூட்டியே இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி நாடகப் பயிற்றுநர்கள்,
மதுரை.