மூன்றாம் தவணை: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

தவணை நல்லபடியாக முடிகிறது. விளையாட்டிலும் தமிழ்த்தினப் போட்டியிலும் வென்ற பிள்ளைகளின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன; எல்லோருக்கும் வாழ்த்துகள். ஆய்வுகூடக் கூரை ஒழுகுவதும் நின்றுவிட்டது. சிரமதானத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய மாணவர்கள் சிலர் பேராதனையிலும் மொறட்டுவையிலும் பொறியியல் முடித்து, வெளிநாட்டில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். பெரிய சந்தோஷம். ஆனால் தம்பி தங்கையை இங்கே படிக்கவைக்கும் பெற்றோர், மூத்த பிள்ளைக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு மூன்று வாரமாக அலுவலக வாசலில் நிற்கிறீர்கள். அதுவும் டவுன் கொமினிகேஷனில், அதாவது தட்டச்சு அடித்துக் கொடுக்கும் கடையில், அடித்த கடிதத்தோடு. என் கையெழுத்தும் முத்திரையும்தான் பாக்கி. போன செவ்வாய் வந்த இரண்டு கடிதங்களும் ஒரே அச்சு: 'கடின உழைப்பாளி, தலைமைத்துவப் பண்புள்ளவர்.' ஒன்றில், மகளைப் பற்றிய பந்திக்கு நடுவே யாரோ ஒரு பையனின் பெயர் அப்படியே கிடந்தது.

கோபத்தில் சொல்லவில்லை. அந்தக் கடிதம் பிள்ளைக்கு உதவாது. பல பல்கலைக்கழகங்கள் சிபாரிசு எழுதுபவருக்கே மின்னஞ்சலில் இணைப்பு அனுப்பி, அவரிடமிருந்தே நேரடியாக வாங்குகின்றன. பெரும்பாலும் மூன்று பேர் வேண்டும். இறுதி ஆண்டு செயற்திட்டத்தை மேற்பார்வை செய்த விரிவுரையாளர், பாடம் எடுத்தவர், பயிற்சிக்குப் போன இடத்துப் பொறியியலாளர் போன்றவர்களே பொருத்தம். பையன் செய்த பம்பு ஏன் முதலில் ஓடவில்லை, பிறகு எப்படி ஓடவைத்தான் என்று அவர்களால் எழுத முடியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் தரம் 11இல் பிந்தி வந்த கதைதான்.

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பிப்பவர் எழுதும் அறிக்கையும் அப்படித்தான். காசு கொடுத்து எழுதுவித்தால் ஆளின் குரல் அதில் இருக்காது. காலமும் முக்கியம். அமெரிக்காவில் அடுத்த ஆண்டு ஆகஸ்ட், செப்டெம்பரில் தொடங்கும் படிப்புகள் பலவற்றுக்கு முடிவுத் திகதி டிசம்பர், ஜனவரியிலேயே வந்துவிடும். ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையான ஐஈஎல்டிஎஸ் பெறுபேறு 2 வருடம், பட்டமேற்படிப்பு அனுமதிப் பரீட்சையான ஜிஆர்ஈ பெறுபேறு 5 வருடம் செல்லும். ஜிஆர்ஈயைக் கேட்காத இடங்களும் உண்டு. முதலில் அதைப் பார்த்துவிட்டுக் காசு கட்டச் சொல்லுங்கள். பல்கலைக்கழகப் பெறுபேற்று அறிக்கை எடுக்கப் பொறியியல் பீடத்துக்கு நேரத்தோடு எழுதிப் போட வேண்டும். கடைசி வாரத்தில் ஓடினால் ஒன்றும் நடக்காது.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேறொருவர் எழுதிய எந்தக் கடிதத்திலும் இனி நான் கையெழுத்திட மாட்டேன். யார் வந்து சொன்னாலும் சரி. தரம் 12 பிள்ளைகளின் லீவுக் கடிதமும் இப்போது கொமினிகேஷனிலிருந்துதான் வருகிறது. அதையும் ஏற்க மாட்டோம். பிள்ளையே எழுதட்டும், பிழை இருந்தால் நாங்கள் திருத்துகிறோம். பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

பாடசாலை தர வேண்டிய நற்சான்றிதழும் விடுகைப் பத்திரமும் தாராளமாகத் தருவோம். 3 வேலை நாள் முன்பே சொல்லுங்கள். பீடத்தில் யாரை அணுகுவது என்று தெரியாத பிள்ளை என்னிடம் நேரில் வரட்டும், உட்கார்ந்து பேசலாம்.

அன்று ஓர் அம்மா அரைப்பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, விட்டுவிட்டு, தேயிலைக் கொழுந்துக் கறை காயாத கையோடு மழையில் வந்து நின்றார். அவரை வெறுங்கையோடு அனுப்பியது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவருக்கும், இவ்வளவு தூரம் பிள்ளைகளைக் கொண்டுவந்த உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
அதிபர்