கிண்ணங்களைக் கொஞ்சம் குறையுங்கள், பொடியளுக்கு ஒரு லீக் தாருங்கள்

யாழ் மாவட்டத்து உதைபந்தாட்ட லீக்குகளின் நிர்வாகிகளுக்கும், கழகத் தலைவர், செயலாளர், பொருளாளர்மாருக்கும், ஊர்க் கழகத்துக்கு வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் உறவுகளுக்கும்,

வணக்கம்.

நோட்டீஸ்கள் வரத் தொடங்கிவிட்டன. ஞாபகார்த்தக் கிண்ணம், மின்னொளியில் அணிக்கு 7 பேர், அணிக்கு 9 பேர், தோற்றால் வெளியேறும் விலகல் முறை, முதற்பரிசு இவ்வளவு, இரண்டாம் பரிசு இவ்வளவு, ஆட்டநாயகனுக்குத் தனியாக ஒன்று. நல்லது, நானும் வந்து பார்ப்பேன், கரையில் நின்று கத்தவும் செய்வேன். ஆனால் அந்த நோட்டீஸ்களில் 12 வயதுக்குட்பட்டோர் என்று ஒரு வரி வருவது எவ்வளவு அரிது என்று யோசித்திருக்கிறீர்களா? வந்தாலும் ஒருநாள் கூத்துத்தான். காலையில் தொடங்கி, பின்னேரம் கிண்ணத்தைக் கொடுத்து, பிரதம விருந்தினரோடு படம் எடுத்து முடித்தால், பிறகு அடுத்த வருஷம் பார்ப்போம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குத் தொழில்முறைக் கழகம் ஒன்று வேண்டும், அதற்கு அக்கடமி வேண்டும் என்ற கதை அங்கங்கே அடிபடுகிறது. 2021 இல் இலங்கையில் சுப்பர் லீக் என்ற தேசிய லீக் தொடங்கியபோது இருந்த பத்துக் கழகங்களில் ஒன்றுகூட வடக்கிலிருந்து இல்லையே என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அக்கடமி என்றதும் நம்மவர்கள் முதலில் பேசுவது காணி, கட்டடம், அடிக்கல் நாட்டு விழா. தொழில்முறைக் கழகங்கள் பிள்ளைகளை எப்படி வளர்க்கின்றன என்று கொஞ்சம் பார்த்துவிட்டுப் பிறகு கல்லை நாட்டுவோமே.

பார்சலோனாக் கழகத்தின் இளையோர் அக்கடமியான லா மாசியாவையே எடுங்கள். பார்சலோனா இன்று புதுக் கட்டடத்தில் இருக்கலாம். ஆனால் மெஸ்ஸி, சாவி, இனியெஸ்ரா காலத்தில் அந்தப் பெயர் குறித்தது 1702 இல் கட்டிய ஒரு பழைய பண்ணைவீட்டை. 1979 தொடக்கம் 2011 வரை வெளியூர்ப் பொடியள் தங்கிப் படிப்பதற்கு அதைப் பாவித்தார்கள். 2010 இல் உலகின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதுக்குக் கடைசியாக நின்ற மூன்று பேரும் அந்த அமைப்பில் வந்தவர்கள், அவர்களை வளர்த்தது சுவர் இல்லை. சின்ன அணியிலிருந்து முதலாவது அணி வரைக்கும் ஒரே மாதிரியான ஆட்டம், வருஷம் முழுக்க ஒழுங்கான போட்டி, ஒவ்வொரு பிள்ளையையும் வருஷக்கணக்காகக் கவனிக்கிற பயிற்றுநர்கள், இவ்வளவும்தான் அங்கே நடந்தது. இதில் எதற்கு அடிக்கல் வேண்டும்?

இங்கிலாந்தில் இன்னொரு விஷயம். அவர்களுடைய உதைபந்தாட்டச் சங்கம் பல வருஷங்களுக்கு முன்பே ஒரு ஒழுங்கு கொண்டுவந்தது: 9, 10 வயதுக்குட்பட்டவர்களுக்கு அணிக்கு 7 பேர், 11, 12 க்கு அணிக்கு 9 பேர், 13 இலிருந்துதான் 11 பேர். மைதானமும் சின்னது, கோல் கம்பமும் சின்னது, பந்தும் சின்னது. 11 வயது வரைக்கும் புள்ளிப் பட்டியல் வெளியிடுவதே இல்லை. நாங்கள் என்ன செய்கிறோம்? அந்த 7 பேர், 9 பேர் ஆட்டத்தை வளர்ந்த ஆண்களுக்கு மின்னொளியில் வைத்துவிட்டு, பத்து வயதுப் பிள்ளையை முழு மைதானத்தில், பெரியவர்களின் கோல் கம்பத்துக்கு முன்னால், பெரியவர் பாவிக்கும் அளவு 5 பந்தோடு விடுகிறோம். அந்தக் கோல்காப்பாளன் துள்ளினாலும் குறுக்குக் கம்பம் எட்டாது, ஆகவே எவன் தூர இருந்து உயர அடிக்கிறானோ அவன்தான் நட்சத்திரம். பந்தை நிறுத்தி, தலையை நிமிர்த்தி, பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆட்டம் முழுக்க நாலு தடவைகூடப் பந்து கிடைக்காது.

விலகல் முறைக்கு வருகிறேன், என்னுடைய முக்கியமான சண்டையே அதோடுதான். 16 அணிகளை விலகல் முறையில் விட்டால் மொத்தம் 15 ஆட்டம். அதில் எட்டு அணி ஒரேயொரு ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். ஊர்காவற்துறையிலிருந்து காலை வெள்ளன பஸ் பிடித்து வந்த பிள்ளை அரை மணித்தியாலம் விளையாடி, அதிலும் மாற்றுவீரன் என்றால் பத்து நிமிஷம் விளையாடி, சோற்றுப் பார்சலோடு திரும்பிப் போகும். எந்த அணி முதலில் தோற்கும்? பயிற்சி குறைந்த அணி. அதாவது அதிகம் விளையாட வேண்டிய பிள்ளைகள்தான் இந்த முறையில் ஆகக் குறைவாக விளையாடுகிறார்கள், ஏற்கெனவே நன்றாக விளையாடுகிறவர்கள் இன்னும் கூட விளையாடுகிறார்கள். அதே 16 அணியை நாலு நாலாகப் பிரித்து, கிட்டடி ஊர்களை ஒரு குழுவில் போட்டு, ஒன்றோடொன்று இரண்டு தடவை விளையாட விடுங்கள். ஒவ்வொரு அணிக்கும் ஆறு ஆட்டம் நிச்சயம். தோற்றாலும் அடுத்த ஞாயிறு இருக்கிறது என்று தெரிந்தால்தான் கோச்சும் பயப்படாமல் சின்னப் பொடியனை இறக்குவார்.

சின்னப் பொடியன் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். வயதுக் கணக்கை ஜனவரி முதலாம் திகதியை வைத்துப் பார்க்கிறோம். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பன்னிரண்டு வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் ஓட்டத்திலும் பெரிய வித்தியாசம். ஐரோப்பியக் கழகங்களின் இளையோர் அணிகளில் வயதெல்லைத் திகதிக்கு அடுத்துவரும் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அளவுக்கு மீறி இருக்கிறார்கள் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். திறமை அந்த மாதங்களில் மட்டும் பிறப்பதில்லை, பெரியவனாகத் தெரிகிறவனைத்தான் கண் எடுக்கிறது. அதனால்தான் இங்கிலாந்தில் சில கழகங்கள் வயதை விட்டு உடல் வளர்த்தியை வைத்துக் குழு பிரித்தும் விளையாட விட்டுப் பார்க்கின்றன. நாங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அணித் தெரிவின்போது பிறந்த மாதத்தை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள், போதும்.

பயிற்றுநர் விஷயத்தில் ஐஸ்லாந்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த நாட்டின் சனத்தொகை நாலு லட்சத்துக்கும் குறைவு. யாழ் மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படியே ஐந்தே முக்கால் லட்சத்துக்கு மேல். அவர்கள் 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் லைசென்ஸ் எடுத்த, சம்பளம் வாங்குகிற பயிற்றுநர்தான். இங்கே பெரிய அணிக்கு ஆள் பிடித்த பிறகு மிஞ்சுகிறவர் சிறுவர்களைப் பார்க்கிறார், அதுவும் ஓசியில், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலும் தன் காசில். ஒரு கிண்ணத்தின் பரிசுத்தொகையில் ஒரு பங்கை எடுத்து, ஊரில் ஒரு ஆளை, அவர் பழைய நட்சத்திரமாக இருக்க வேண்டியதில்லை, பிள்ளைகளோடு பொறுமையாகக் கதைக்கத் தெரிந்த ஒரு வாத்தியாராக இருந்தாலும் சரி, ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் (ஏஎப்சி) சி லைசென்ஸ் பயிற்சிக்கு அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் பதிவேடு. இதைச் சொன்னால் எல்லாரும் கொட்டாவி விடுவார்கள், தெரியும். ஆனால் காசு வரும் வழியும் இதுதான். ஒரு தொழில்முறை வீரர் ஒப்பந்தம் முடியுமுன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு விலைக்குப் போனால், அந்த விலையில் 5 சதவீதத்தை அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது பிபாவின் விதி. 12 தொடக்கம் 15 வயது வரை ஒரு வருஷத்துக்குக் கால் சதவீதம், பிறகு வருஷத்துக்கு அரைச் சதவீதம். பாசையூரிலோ நாவாந்துறையிலோ இளவாலையிலோ அந்த முதல் நாலு வருஷமும் விளையாடிய ஒரு பொடியன் ஒருநாள் பத்து லட்சம் யூரோவுக்குக் கைமாறினால் ஊர்க் கழகத்துக்குப் பத்தாயிரம் யூரோ. கனவுதான், நாளைக்கே நடக்கப்போவதில்லை. ஆனால் நடந்தாலும் எங்களால் கேட்க முடியாது, ஏனென்றால் அந்தப் பங்கு தேசிய உதைபந்தாட்டச் சங்கத்தோடு இணைந்த, வீரரைப் பதிவு செய்த கழகத்துக்குத்தான். எங்களுடைய பிள்ளைகள் அந்த வயதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் விளையாடுகிறார்கள், கழகத்தில் பெயர் ஏறுவது பள்ளிக்கூடம் விட்ட பிறகு. காசை விடுங்கள். ஒரு பிள்ளை எத்தனை ஆட்டம் விளையாடியது, எப்போது காயப்பட்டது, ஏன் நின்றுவிட்டது என்று சொல்ல எங்களிடம் ஒரு கொப்பிகூட இல்லை.

ஏன் நின்றுவிட்டது என்பதற்கு விடை பெரும்பாலும் எல்லாருக்கும் தெரியும்: ரியூசன். சாதாரணதரப் பரீட்சை நெருங்க, வீட்டில் பூட்ஸைத் தூக்கி மேலே வைத்துவிடுவார்கள். பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கு நாங்கள் காட்டியது என்ன? லா மாசியாப் பொடியளும் பள்ளிக்கூடம் போனவர்கள்தான், பயிற்சி நேரம் படிப்பைச் சுற்றித்தான் அமைந்தது. கழகச் செயலாளர் ஒருவர் ரியூசன் வாத்தியாரோடு இருந்து கதைத்து நேரசூசியைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் எண்ணம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி எந்த நோட்டீஸும் பேசுவதில்லை. தெல்லிப்பழை மகாஜனாப் பிள்ளைகள் தேசிய மட்டத்தில் கிண்ணம் வென்று வரும்போது மாலை போட முன்வரிசையில் நிற்கிறோம். பள்ளிக்கூடம் முடிந்த அடுத்த மாதம் அந்தப் பிள்ளை எந்தக் கழகத்துக்கு விளையாடும்? லீக்கில் சின்ன வயதுப் பிரிவு தொடங்கினால் 12 வயது வரை பெடியன், பெட்டை என்று பிரிக்காமல் கலந்தே விடுங்கள்.

வெளிநாட்டு உறவுகளுக்கு ஒன்று. வேல்ஸில் வளர்ந்த தமிழ்ப் பொடியன் விமல் யோகநாதன் 2023 இல் இங்கிலாந்துக் கழகமான பார்ன்ஸ்லிக்காகக் களமிறங்கியபோது எல்லாரும் பகிர்ந்தோம், சந்தோஷப்பட்டோம். அந்தத் தம்பியின் உழைப்புக்குப் பின்னால் அங்கே ஒரு அமைப்பு இருந்தது, ஒன்பது பத்து வயதிலேயே ஒழுங்கான பயிற்சியும் ஒழுங்கான ஆட்டமும் கிடைக்கிற அமைப்பு. நீங்கள் அனுப்பும் காசில் ஜேர்சியும் வெற்றிக் கிண்ணமும் வாங்குகிறோம். அதற்குப் பதிலாக ஒரு வருஷத்துக்குச் சிறுவருக்கான அளவு 4 பந்துகளும், கழற்றிப் பூட்டக்கூடிய சின்னக் கோல் கம்பங்களும், ஒரு கோச்சின் மாதக் கொடுப்பனவும் என்று கேளுங்கள். உங்கள் காசு, நீங்கள் கேட்டால் நிர்வாகம் கேட்கும்.

ஜெர்மனி 2000 ஐரோப்பியக் கிண்ணத்தில் ஒரு வெற்றிகூட இல்லாமல் முதற்சுற்றோடு வெளியேறிய பிறகு, இளையோர் அக்கடமி இல்லாத, உயர்மட்ட லீக்கான புண்டஸ்லீகாவின் கழகத்துக்கு லைசென்ஸ் இல்லை என்று விதி போட்டது, தொழில்முறைக் கழகங்களுக்கு வெளியே இருந்த பிள்ளைகளுக்காக நாடு முழுக்க 350 க்கு மேற்பட்ட பயிற்சி நிலையங்களைத் திறந்தது. உலகக் கிண்ணம் வந்தது 2014 இல். எங்கள் நிர்வாக சபைகள் அவ்வளவு காலம் கதிரையில் இருக்கப்போவதில்லை, பலன் வரும்போது வேறு யாரோ மாலை வாங்குவார்கள். தெரிந்தும் செய்வீர்களா என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை, தீவகம், மருதங்கேணி லீக் நிர்வாகிகள் ஒருக்கால் ஒன்றாக இருங்கள். 10, 12 வயதுப் பிரிவுகளுக்கு ஜனவரியில் ஞாயிறு காலை லீக் ஒன்றைத் தொடங்குங்கள். கோடு போட, விசில் ஊத, கொப்பி எழுத நான் வருவேன், என்னைப்போல இன்னும் பல பழைய ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். ஞாயிறு காலையில் எந்தெந்த மைதானம் வெறுமையாகக் கிடக்கிறது என்ற விபரத்தை மட்டும் கழகங்கள் மாத முடிவுக்குள் லீக்குக்கு அனுப்பினால் அட்டவணையை நாங்களே போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
வலிகாமத்துப் பழைய பின்கள ஆட்டக்காரன் ஒருவன்