கிரேக்கத் தொன்ம நாவல்களை அறிமுகப்படுத்தும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கிரேக்கத் தொன்மங்களை மறுபடி சொல்லும் ஆங்கில நாவல்களைப் பற்றித் தமிழில் எழுதியும் காணொளியில் பேசியும் வருகிற உங்களுக்கு இந்த மடல். மேடலின் மில்லரின் 'சர்சி', பாட் பார்க்கரின் 'தி சைலன்ஸ் ஆஃப் த கேர்ள்ஸ்' இரண்டும் 2018இல் வந்தவை. இப்படிப்பட்ட நாவல்களை உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் பலர் தேடிப் படிக்கிறார்கள். அது நல்ல காரியம், தொடருங்கள். ஆனால் உங்கள் அறிமுகங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கருத்தை மட்டும் கைவிடச் சொல்லிக் கேட்கிறேன். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாயடைக்கப்பட்டிருந்த பெண்கள் இப்போதுதான் முதன்முறையாகப் பேசுகிறார்கள் என்பது அந்தக் கருத்து. அது உண்மை இல்லை.

ட்ராய் நகரப் போரைப் பாடும் ஹோமரின் பழைய கிரேக்கக் காவியம் இலியட்டின் 19ஆம் காண்டத்தை எடுத்துப் பாருங்கள். கிரேக்க வீரன் அக்கிலீஸ் போரில் பிடித்து வந்த பிரிசெயிஸ், அவன் நண்பன் பெட்ரோக்ளஸின் உடல்மேல் விழுந்து அழுகிறாள். தன் கணவன் நகரத்துக்கு முன்னால் வெட்டுண்டு கிடந்ததை, மூன்று சகோதரர்களும் அதே நாளில் செத்ததை அவள் வாயாலேயே சொல்கிறாள். சுற்றி நிற்கும் அடிமைப் பெண்கள் பெட்ரோக்ளஸைச் சாக்காக வைத்து அவரவர் துயரத்துக்கு அழுதார்கள் என்று ஹோமர் ஒரு வரி சேர்க்கிறார். எழவு வீட்டைப் பார்த்த எவருக்கும் அந்த வரி புரியும். அப்புறம் ரோமானியக் கவிஞர் ஓவிட், பிரிசெயிஸ் அக்கிலீஸுக்கு எழுதுவதாக ஒரு கடிதமே படைத்தார். இதில் நீ பார்க்கும் கறைகள் என் கண்ணீர் பட்டவை என்று தொடக்கத்திலேயே சொல்கிறாள். தொன்மப் பெண்கள் எழுதுவதாக அவர் படைத்த அந்தக் கடிதத் தொகுப்பில் பெனலோப்பி, மெடியா, அரியாட்னி எல்லோருக்கும் கடிதம் உண்டு.

கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் இன்னும் துணிந்தவர். ஏதென்ஸ் படை மீலோஸ் தீவைப் பிடித்து, வளர்ந்த ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. அந்த ரத்தம் காயும் முன், கி.மு. 415இல், ஏதென்ஸ்காரர்கள் முன்னாலேயே 'ட்ராய் நகரப் பெண்கள்' நாடகத்தை மேடையேற்றினார். தோற்ற நகரத்துப் பெண்களை வெற்றி பெற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வதுதான் கதை. மதிலிலிருந்து தள்ளிக் கொல்லப்பட்ட பேரனை, அவன் அப்பன், ட்ராய் வீரன் ஹெக்டரின் கேடயத்திலேயே கிடத்தி அடக்கத்துக்குத் தயார் செய்கிறாள் ட்ராய் அரசி, கிழவி ஹெக்குபா. இதற்குமேல் என்ன குரல் வேண்டும்?

மார்கரெட் அட்வுட்டின் 'பெனலோபியட்' (2005) எனக்கு மிகவும் பிடித்த நாவல். தூக்கிலிடப்பட்ட பன்னிரண்டு பணிப்பெண்கள் தன்னை விடாமல் தொந்தரவு செய்ததாக முன்னுரையில் சொல்கிறார். அவரைத் தொந்தரவு செய்தது ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் 22ஆம் காண்டம். பெனலோப்பியை மணக்க வந்து கூடாரமடித்தவர்களை அவள் கணவன் ஒடிசியஸ் கொன்று குவித்த பிறகு, அவர்களோடு படுத்த அந்தப் பெண்களையே பிணங்களைச் சுமக்கவும், மேசை நாற்காலிகளில் படிந்த ரத்தத்தைப் பஞ்சால் துடைக்கவும் வைக்கிறார்கள். வேலை முடிந்ததும், வாளால் வெட்டும் கௌரவமான சாவு இவர்களுக்கு வேண்டாம் என்கிறான் மகன் டெலிமாக்கஸ். கப்பல் கயிற்றைத் தூணில் கட்டி இழுத்து, வரிசையாகத் தொங்கவிடுகிறான். கூடடையப் பறந்து வந்து வலையில் சிக்கிய பறவைகள் போல அவர்கள் தலைகள் இருந்தன என்கிறார் ஹோமர். கால்கள் சற்று நேரம் துடித்தன, அதிக நேரம் இல்லை என்று முடிக்கிறார். அந்தக் கால்களை முதலில் பார்த்தவர் ஹோமர்தான். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் அட்வுட்டின் நாவலே இல்லை. அட்வுட் தான் எங்கிருந்து எடுத்தேன் என்பதைப் புத்தகத்தின் கடைசியில் குறிப்பாகவும் தருகிறார். அறிமுகம் செய்யும்போது அந்தப் பக்கத்தையும் காட்டுங்கள்.

மூலத்தை மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கிரேக்கர்களே மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். ட்ராய் போருக்குக் காரணமான ஹெலன் ட்ராய்க்குப் போகவே இல்லை, போனது அவளுடைய மாயவடிவம் என்று யூரிப்பிடிஸ் தனியாக ஒரு நாடகம் எழுதினார். எந்த மாற்றம் யாருடையது என்று தெரிந்தால் போதும். இராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்கினானா, தரையோடு பெயர்த்துக்கொண்டு போனானா என்ற பேச்சு வந்தால், முன்னது வால்மீகி, பின்னது கம்பன் என்று நம்மவர்கள் உடனே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். பாம்புக் கூந்தல்காரி மெதூசாவுக்கு அந்த மரியாதையைத் தர ஏன் தயக்கம்? அதீனா தேவியின் கோயிலில் கடல் தெய்வம் போசைடன் அவளைக் கெடுத்ததும், தண்டனையாக அவள் கூந்தல் பாம்பானதும் கி.பி. முதல் நூற்றாண்டில் ஓவிட் சொன்ன கதை. அதற்குச் சுமார் எழுநூறு ஆண்டுகள் முன்பு கிரேக்கக் கவிஞர் ஹெசியாட் சொன்னதில் கோயிலும் இல்லை, தண்டனையும் இல்லை. வசந்தகாலப் பூக்கள் பூத்த புல்வெளியில் போசைடன் அவளோடு படுத்தான் என்று மட்டும் இருக்கிறது. ஆனால் இன்று ஓவிட்டின் வடிவமே பழைய கிரேக்கக் கதை என்று எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது.

டிமீட்டர் தேவியின் மகள் பெர்செஃபொனி விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே வருத்தம். அவள் விரும்பித்தான் பாதாள தெய்வம் ஹேடிஸோடு பாதாளம் போனாள், பழைய கதையே அப்படித்தான் என்று சொல்லிக் காதல் கதையாக விற்கிறார்கள். டிமீட்டருக்கான பழைய துதிப்பாடலில் அவள் பூப்பறிக்கும்போது நிலம் பிளக்கிறது, கதறக் கதறத் தேரில் ஏற்றப்படுகிறாள், அப்பன் ஸூஸ் முன்பே சம்மதித்திருக்கிறான். தாய் ஒன்பது நாள் உண்ணாமல் குளிக்காமல் தீப்பந்தத்தோடு மகளைத் தேடி அலைகிறாள். மகளின் கதறலையும் தாயின் அலைச்சலையும் துடைத்துவிட்டுக் காதலை வைப்பவர் வைக்கட்டும், அது நாவலாசிரியரின் உரிமை. பழைய கதை அதுதான் என்று நீங்கள் சான்றிதழ் தர வேண்டாம்.

அந்தத் துதிப்பாடல் மொத்தமே 495 வரி. அடுத்த பெர்செஃபொனி நாவலைப் பற்றிப் பேச உட்காரும் முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிமுகங்களைத் தொடர்ந்து பார்க்கும் ஒரு வாசகர்