எலும்பு இல்லாத மூன்று மாதமும் கூட இருந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். பக்கவாதம் வந்தபோது எடுத்த மண்டை ஓட்டு எலும்பைப் போன வாரம் என் கணவருக்குத் திரும்ப வைத்துவிட்டார்கள். இந்த நன்றியை இனியும் தள்ளிப்போட மனமில்லை.

முதலில் எதிர்வீட்டு மலாய் அக்காவுக்கு. லிஃப்டுக்காக நின்ற என் கணவருக்கு வாய் கோணி, வலது கை தொங்கியதைப் பார்த்ததும் ஆம்புலன்ஸுக்கு 995-ல் அடித்துவிட்டு அப்புறம்தான் என் கதவைத் தட்டினீர்கள்.

மூளையின் இடப்பக்கப் பெரிய ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. மறுநாள் ராத்திரி கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. செத்துப்போன பகுதி வீங்குகிறது, மண்டை ஓடு விரியாது, இப்படியே விட்டால் நல்ல மூளையையும் நசுக்கிவிடும், அதனால் ஒரு பக்கத்து எலும்பை 12 சென்டிமீட்டருக்கும் மேல் அகலமாக எடுத்து வீக்கத்துக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று சொன்ன அந்த இளம் டாக்டரை நான் மறக்கவே மாட்டேன். பக்கவாதம் வந்து 48 மணி நேரத்துக்குள் இந்த ஆபரேஷனைச் செய்து பார்த்த ஆய்வுகளில், அறுபது வயதுக்குட்பட்டவர்களில் ஆபரேஷன் இல்லாமல் பத்துக்கு மூன்று பேர்தான் பிழைத்தார்களாம், செய்தால் எட்டுப் பேர் வரை. "ஆனால் இது உயிரைத்தான் காப்பாற்றும், போன கையையும் பேச்சையும் கொண்டுவராது" என்று சொல்லிவிட்டு, என் கணவர் எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டார். அந்த நேரத்தில் பொய் நம்பிக்கை கொடுத்திருந்தால் இன்று நான் உடைந்துபோயிருப்பேன். "அண்ணி, நீங்க என்ன முடிவெடுத்தாலும் நாங்க இருக்கோம்" என்ற கொழுந்தனுக்கும் நன்றி. கையெழுத்துப் போட்டேன்.

ஐசியு தாதியர்களே, கட்டிலின் தலைமாட்டில் "இடப்பக்கம் எலும்பு இல்லை" என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தீர்கள். அவர் தூங்கும்போது அந்த இடத்துத் தோல் நாடியோடு மெல்ல ஏறி இறங்கும். முதல்முறை பார்த்து நடுங்கிய என் கையைப் பிடித்துக்கொண்டு, வீக்கம் வற்றினால் இது குழிந்துபோகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தீர்கள். அப்படியேதான் ஆனது.

எழுந்து நிற்குமுன் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, ஒரே சொல்லை நூறு தடவை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த தெரப்பிஸ்டுகளுக்கும், தேக்கா சந்தையிலிருந்து மீன் வாங்கிச் சமைத்து அனுப்பிய தோழிகளுக்கும், வேலை முடிந்த களைப்போடு வந்து உட்கார்ந்த அவருடைய சகாக்களுக்கும் நன்றி.

கை இன்னும் வரவில்லை. தடி பிடித்துப் பத்தடி நடக்கிறார். "கோப்பி" தெளிவாக வருகிறது, என் பெயர் பாதி வருகிறது. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. பதில் சொல்ல அவருக்கு நேரமாகும், கொஞ்சம் காத்திருங்க.