அக்காவுக்கு எடுக்கப்போகும் கார்டிசால் டெஸ்ட்

மக்கா,

கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு ஊசி போட்டு ரெண்டு மூணு தடவை ரத்தம் எடுக்கப் போகிறார்களாம், ஒரு தடவை எடுத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறாய். எங்கள் மதினிக்கும் பாளையங்கோட்டையில் இதே டெஸ்ட்தான் எடுத்தோம்.

கார்டிசால் என்பது நம் உடம்பே சுரக்கிற ஒரு ஹார்மோன், விடியற்காலையில் ஏறும், ராத்திரி இறங்கிவிடும். அதனால்தான் முதலில் காலை 8 மணி ரத்தம் பார்ப்பார்கள். ஒரு டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் கார்டிசால் குறைபாடு அநேகமாக உறுதி, 15க்கு மேலே என்றால் பெரும்பாலும் பயமில்லை. மதினிக்கு ரெண்டுக்கும் நடுவில் நின்றது, அங்கேதான் குழப்பம். கிணற்றில் இப்போது எவ்வளவு தண்ணி கிடக்கிறது என்பதா பேச்சு, மோட்டார் போட்டு இறைத்தால் ஊறுகிறதா என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி அனுப்புகிற ஏசிடிஹெச் ஹார்மோனை ஊசியாகவே போட்டு, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பி எவ்வளவு கார்டிசால் சுரக்கிறது என்று பார்க்கிறார்கள். அந்த ஊசி மருந்தின் பேர் சினாக்தென், 250 மைக்ரோகிராம் போடுவார்கள், பிறகு 30, 60 நிமிடத்தில் ரத்தம். 18ஐத் தாண்டினால் சரி என்பது பழைய கணக்கு. இப்போதைய சில லேப் முறைகளில் அதற்குக் கீழேயே சரி என்கிறார்கள், அதனால் நம்பரை நீயாகப் பார்த்துப் பதறாதே. நம் நாட்டில் சினாக்தென் சுலபமாகக் கிடைக்காது, ஆக்டான் ப்ரோலாங்கேட்டம் என்று வேறொன்று போடுவார்கள், அது மெதுவாக வேலை செய்கிற மருந்து, ரத்தம் எடுக்கிற நேரமும் மாறும்.

முக்கியமானது இதுதான்: அக்கா ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டாளா என்று நன்றாகக் குடைந்து கேள். மாத்திரை மட்டுமில்லை, இன்ஹேலர், தோலுக்குப் பூசுகிற களிம்பு, எல்லாம்தான். மதினி மூட்டுவலிக்கு எங்கோ பொட்டலத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரையை வருஷக்கணக்காகத் தின்றிருக்கிறாள், முகம் உப்பியதைப் பார்த்து சொந்தக்காரர்கள் எல்லாம் செழிப்பாக இருக்கிறாள் என்றார்கள்! திடீரென்று நிறுத்தினாள், வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியவில்லை. அந்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது, அது வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் சுரப்பி தூங்கிவிட்டது. ஆகவே டெஸ்டுக்காக அக்கா எதையும் தானாக நிறுத்த வேண்டாம். ப்ரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு மருந்து டெஸ்டில் காட்டும் கார்டிசால் அளவைக் குழப்பும் என்பது உண்மைதான், ஆனால் எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுத்திருக்கிறதா, உப்பு தேடுகிறாளா என்றும் பார். அப்படியானால் கோளாறு சுரப்பியிலேயே இருக்கலாம், நம் பக்கம் டிபிகூட அதற்குக் காரணமாகும். அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்.

மதினி இப்போது கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை சாப்பிடுகிறாள், காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம், குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது, டெஸ்ட் முடிந்ததும் அக்காவையும் கூட்டிக்கொண்டு வா. ரிசல்ட் வந்தால் போன் போடு.